பெல்லுக்கார லைனும் ஜெராக்ஸ் அக்காவும்

தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் போகும் சந்தில், ஒரு தையல்கடைக்கும் ஹோமியோபதி டாக்டரின் அறைக்கும் நடுவே, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் நுழைய முடிகிற ஜெராக்ஸ் கடை ஒன்று இருந்தது. நான் பி.ஏ. படித்த மூன்று வருடமும் அங்கேதான் நோட்ஸ் எடுத்தேன். மெஷின் முன்னால் நின்றவளை நாங்கள் எல்லோரும் ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டோம். அவள் பெயர் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று ஒரு தடவை நான் கேட்டபோது, "பேரப் போட்டா நான் சொன்னதெல்லாம் வேதம்னு நெனச்சுக்குவாங்க, வேணாம்மா" என்று சொல்லிவிட்டாள்.

எங்களைவிட ஐந்தாறு வயது பெரியவளாக இருப்பாள். ஒல்லி. துப்பட்டாவின் இரண்டு முனையையும் இடுப்பில் இறுக்கி முடிந்திருப்பாள். விரல் நுனியில் எப்போதும் கறுப்பு மைத்தூள். மற்ற கடைகளில் தாளை வைப்பார்கள், பொத்தானை அழுத்துவார்கள், எடுத்துக் கொடுப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அக்கா படிப்பாள். மெஷினிலிருந்து சூடாக வரும் தாளை எடுத்து, முகத்துக்கு நேராகப் பிடித்து, உதடு அசையப் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் எதுவானாலும்.

மார்ச் மாதத்தில் புராஜெக்ட் கொடுக்கும் நாட்களில் சந்து முனைவரை வரிசை நிற்கும். அப்போதும் படிப்பாள். உள்ளே இருந்து முதலாளி கத்துவார். "நீ இன்னா புரொபசரா? அடிச்சிக் குடுத்தா போதும்!"

"அடிச்சிக்கினுதான் இருக்கேன்ணே," என்பாள். பிறகு வரிசையில் நிற்கிறவளிடம் ஒரு தாளை நீட்டி, "இது யாரு சொன்னது?" என்பாள்.

அதுதான் அவள் கேள்வி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு வரும். "அவங்க பார்த்தாங்களா? எங்க நின்னுக்கினு பார்த்தாங்க?"

பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். பதில் சொல்லாமல் தாளைப் பிடுங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. ஒரு பையன், "கூகுள் சொல்லிச்சு" என்றான். "கூகுள் எந்த லைன்ல குடியிருந்துச்சு?" என்று, சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் எது என்பது போல, அக்கா நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுக்கு அது கேலி இல்லை.

நாங்கள் பார்க்க முடியாத ஒன்றை அவள் பார்த்தாள். கல்லூரியில் ஒருத்தி எழுதியது இன்னொருத்திக்குத் தெரியாது. எல்லாத் தாளும் அவள் கைவழியாகத்தான் போயாக வேண்டும். அதனால் யார் யாரிடமிருந்து எடுத்தது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருடம் நான்கு பேர் சுரங்கத்தின் ஆழத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் வேறு வேறு இணையதளத்தின் பெயரை ஆதாரமாகப் போட்டிருந்தாள். "நாலு பேரு சொல்றாங்கக்கா, அப்போ சரியாத்தானே இருக்கும்" என்றேன் நான். அக்கா நான்கு தாளையும் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே இடத்தில் ஒரே எழுத்துப் பிழையைக் காட்டினாள். "நாலு பேரு இல்லம்மா. ஒரு வயித்துப் புள்ளைங்க நாலு. அம்மா ஒருத்திதான். அவ யாருன்னுதான் தெரியல."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். தூரத்தில் போகிற ஊர்வலத்தை எட்டிப் பார்க்கிற குழந்தையின் முகம்.

கடைக்கு வெளியிலும் அவள் அப்படித்தான். ஒருநாள் காலை சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் பெங்களூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தோம். பங்காருப்பேட்டையில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போக அவளும் வந்திருந்தாள். திடீரென்று பிளாட்பாரத்தில் ஒரு சலசலப்பு. "வண்டி கேன்சலாம்!" டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆட்கள் பஸ்ஸுக்கு ஓட ஆரம்பித்தார்கள். நானும் கிளம்பினேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, எதிரில் ஓடி வந்தவரிடம், "உங்களுக்கு யாருங்க சொன்னது?" என்றாள். அவர் பின்னால் கைகாட்டினார். பின்னால் இருந்தவர் இன்னும் பின்னால் கைகாட்டினார். அப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு பிளாட்பாரத்தின் கடைசிவரை நடந்தாள். அங்கே ஒருவர் போனில் யாரிடமோ தன் லீவு கேன்சல் ஆகிவிட்ட சோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி வந்தது. என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சில நாள் அவளோடு நிற்கவே கூச்சமாக இருக்கும். எங்கள் லைனில் ஒருவர் இறந்துபோனார். ஊசி போட்டதும்தான் உயிர் போனது என்று யாரோ சொல்ல, வீட்டு வாசலில் கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. ஊசி போட்டவரைத் தேடிப் போய் அடிக்க வேண்டும் என்று நாலு பேர் கிளம்பினார்கள். மாலை வாங்கிக்கொண்டு வந்திருந்த அக்கா, மாலையைக் கையில் வைத்தபடியே, "ஊசி போட்டத யாரு பார்த்தது?" என்று கேட்டாள். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. கிளம்பியவர்கள் நின்றார்கள். ஆனால் செத்தவரின் மனைவி தலையைத் தூக்கி அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "எழவு வூட்ல வந்து கேள்வி கேக்கறா பாரு" என்று என் அம்மா என் காதில் சொன்னாள். அதன்பிறகு பல மாதம் அந்தக் கடைக்குப் போகக் கூடாது என்று எனக்கு வீட்டில் உத்தரவு. போய்க்கொண்டுதான் இருந்தேன்.

ஏன் இவள் இப்படி என்று எனக்கு ஒரு அரிப்பு. தையல்கடைக்காரர் காதல் தோல்வி என்றார். முதலாளி, சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்ததாக அடித்துச் சொன்னார். கடைசியில் அவளிடமே கேட்டேன். மழை பெய்துகொண்டிருந்த ஒரு மதியம். கரண்டு இல்லை. மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எஸ்எஸ்எல்சி ரிசல்ட்டு ஸ்கூல்ல ஒட்டியிருந்தாங்கம்மா. எனக்கு அன்னிக்கு ஜொரம். எங்கண்ணனப் பார்த்துக்கினு வரச் சொன்னேன். அவன் வந்து நம்பர் இல்லன்னான். அழுதேன். யாரு மூஞ்சியிலயும் முழிக்கல. ரெண்டு மாசம் கழிச்சி இந்தக் கடையில வேலைக்கிச் சேர்ந்தேன். சேர்ந்து பத்து நாளு ஆகல, எங்க டீச்சர் ஜெராக்ஸ் எடுக்க வந்தாங்க. 'ஏண்டி, மார்க் கார்டு வாங்க வரவே இல்ல?'ன்னாங்க."

"பாஸா?"

"பாஸ். ரெண்டு பேப்பர் ஒட்டியிருந்தாங்களாம். எங்கண்ணன் ஒண்ணப் பார்த்துட்டு வந்துட்டான்." அவள் குரலில் கோபமே இல்லை. "அவன் பொய் சொல்லலம்மா. அவன் பார்த்த பேப்பர்ல என் நம்பர் நெஜமாவே இல்ல. அடுத்த பேப்பர அவன் பார்க்கல. நானும் போய்ப் பார்க்கல. அதான்."

அதற்குள் பி.யு.சி. அட்மிஷன் முடிந்துவிட்டது. அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. அடுத்த வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. அவ்வளவுதான் கதை. கரண்டு வந்தது. துணியை எடுத்து மடித்துவிட்டு மெஷினைப் போட்டாள்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் வருடம் எங்களுக்குக் கொடுத்த புராஜெக்ட், நம் ஊரில் ஏதாவது ஒரு இடத்தின் பெயர் எப்படி வந்தது என்று விசாரித்து எழுதுவது. நந்திதுர்க் பக்கம் பெல்லுக்கார லைன் என்று ஒரு சின்ன குடியிருப்பு இருக்கிறது. நாற்பது வீடு இருக்கும். நான் அதை எடுத்துக்கொண்டேன். சுரங்க வாயிலிலும், கீழே லெவல் என்கிற ஒவ்வொரு தளத்திலும் நின்று, ஆட்களை ஏற்றி இறக்கும் இரும்புக் கூண்டுக்கு மணியடித்துச் சைகை கொடுப்பவரைத்தான் பெல்லுக்காரர் என்பார்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை லைனுக்குப் போனேன். வெயில். கேட்டவர்கள் எல்லோரும் "அது அப்பவே இருந்த பேரும்மா" என்றார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து நானே ஒரு கதை எழுதிவிட்டேன்.

பாறை வெடித்த ஒரு நாளில், கீழே லெவலில் இருந்த ஒரு பெல்லுக்காரர் கடைசி ஆள் மேலே ஏறும்வரை மணியை அடித்துக்கொண்டே இருந்தார். தான் மட்டும் ஏறவில்லை. 'மணியோசை நின்றபோதுதான் அவர் மூச்சு நின்றது மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்தது.' இந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது. கீழே, 'முதிய தொழிலாளர் ஒருவருடன் நேர்காணல்' என்று ஆதாரம் போட்டேன்.

அக்கா அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்கியேம்மா. யாரு இந்தப் பெரியவரு?"

"பேர் போட வேணாம்னு சொல்லிட்டாருக்கா."

"எந்த வூடு?"

"லைன் கடைசியிலக்கா."

"அவரு அப்போ மேல இருந்தாரா, கீழ இருந்தாரா?"

"மேல," என்றேன். அக்கா தாள்களைத் தட்டி அடுக்கினாள். "சரி" என்று சொல்லி ஸ்பைரல் போட்டுக் கொடுத்துவிட்டாள். அவளுடைய "சரி"யில் நம்பிக்கை, சந்தேகம் இரண்டும் கிடையாது. ஒரு தாளை ஒரு பக்கமாக எடுத்து வைப்பது போல இருக்கும்.

எனக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. புராஜெக்டின் ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் வைத்தார்கள். நான் படித்து முடித்து பெங்களூரில் ஒரு ஆபீசில் சேர்ந்து, விடியற்காலை வண்டியில் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவர்களில் ஒருத்தியாகிவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஒரு காலை, வண்டியில் நின்றுகொண்டே போனைப் பார்த்தேன். சொந்தக்காரர்கள் குழுவில் என் சித்தப்பா ஒன்றை அனுப்பியிருந்தார். தங்கவயலின் மறக்கப்பட்ட தியாகி என்று தலைப்பு. அதற்குக் கீழே, 'மணியோசை நின்றபோதுதான் அவர் மூச்சு நின்றது'. என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. முதலில் எனக்கு வந்தது பெருமை என்பதை மறைக்க மாட்டேன். மாரிக்குப்பத்தில் ஏறிய யாரோ இரண்டு பேர் அதைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். அதில் ஒருவர், "எங்க தாத்தா கூட சொல்லியிருக்காரு" என்றார். அதைக் கேட்டதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்த வாரமே அக்காவிடமிருந்து போன் வந்தது. "சனிக்கெழம கடைக்கு வா."

போனேன். மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு அட்டை ஃபைலை எடுத்தாள். சரியாக விழாமல் வீணான தாள்களை அவள் தூக்கிப் போட மாட்டாள் என்று தெரியும். ஆனால் இதற்காக எடுத்து வைத்திருப்பாள் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பரப்பினாள். நூலகத்தில் என் புராஜெக்டைப் பார்த்து எழுதிய ஒரு மாணவியின் பக்கம். அதை எடுத்துப்போட்ட ஒரு வலைப்பக்கத்தின் பிரதி. வலைப்பக்கத்தைப் பார்த்து ஒரு செய்திப் பக்கத்தில் வந்த கட்டுரை. கட்டுரையை ஆதாரமாகக் காட்டிய இந்த வருடத்து மாணவிகள் மூன்று பேர். கட்டுரையில் முதிய தொழிலாளர், 'பல முதிய தொழிலாளர்கள்' ஆகியிருந்தார்.

"இதுங்களுக்கெல்லாம் அம்மா யாருன்னு தேடிக்கினு போனேன்," என்றாள். "நீ நிக்கற."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "எப்டிம்மா தோணிச்சி? அந்த மணிச் சத்தம் நின்னு போறது? எங்கயாவது கேட்டியா, தானா வந்துச்சா?" என்று கேட்டாள். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். தானாகத்தான் வந்தது. அப்படியே சொன்னேன். தலையாட்டினாள்.

பிறகு ஃபைலின் கடைசித் தாளை எடுத்தாள். அது ஒரு நோட்டீஸ். பெல்லுக்கார லைன்காரர்கள் சேர்ந்து தியாகிக்குக் கல் நடப் போகிறார்களாம். தியாகியின் பெயரும் அதில் இருந்தது: முனுசாமி.

"நான் பேரே எழுதலியேக்கா!"

"அவரு புள்ள எழுதியிருக்காரு. மாணிக்கம்னு பேரு. எழுபது வயசு இருக்கும். நோட்டீஸ் அடிக்க அவருதான் வந்தாரு. 'எங்கப்பாதாம்மா அது'ன்னாரு. எப்டித் தெரியும்னு கேட்டேன். அந்தக் கட்டுரைய நாலா மடிச்சி சட்டப் பையில வெச்சிக்கினு இருந்தாரு. எடுத்துக் காட்டினாரு."

மாணிக்கத்தின் அப்பா சுரங்கத்தில் செத்தவர். எப்படி என்று மகனுக்கு யாரும் சொன்னதில்லை. எழுபது வருடமாக இல்லாத ஒரு பதிலை நான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"விட்டுடலாம்க்கா," என்றேன். "அவரு சந்தோஷமா இருக்காருல்ல. யாருக்கு இன்னா நஷ்டம்?"

அக்காவுக்கும் அந்த யோசனை வந்திருக்கிறது என்று பார்த்தாலே தெரிந்தது. நோட்டீஸின் ஓரத்தை மடித்தாள், நீவினாள்.

"கல்லுல எழுதறாங்கம்மா. நாளைக்கி இன்னொரு பொண்ணு வந்து எழுதும். ஆதாரம் இன்னான்னா, கல்லு." நோட்டீஸை என் பக்கம் தள்ளி, "அவரு நம்மள நம்பி அந்தக் கதையில அப்பாவ வெச்சிருக்காரு. அந்த எடத்துல ஒண்ணுமில்ல," என்றாள்.

மாணிக்கத்திடம் உண்மையைச் சொல்ல பஸ்ஸில் போகும்போது அவளும் பயந்திருந்தாள் என்று நினைக்கிறேன். ஒரு சமாதானம் போல, நான் படித்து முடித்துப் போனபிறகு நடந்த ஒன்றைச் சொன்னாள். இது நான் பார்த்ததில்லை, அவள் சொன்னது. சுரங்கத்தை மூடியபோது தன் அம்மா கைக்குழந்தையோடு பதினோரு நாள் சுரங்க வாசலில் போராட்டத்தில் உட்கார்ந்தார் என்று ஒரு மாணவி எழுதியிருந்தாளாம். அக்கா வழக்கம்போல யார் சொன்னது என்று கேட்டிருக்கிறாள். பதினோரு நாளா, கைக்குழந்தையை வைத்துக்கொண்டா என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் கோபித்துக்கொண்டு போய், மறுநாள் அம்மாவையே கூட்டி வந்துவிட்டாள். அந்த அம்மா கடை வாசலில் நின்று, "பதினொண்ணு இல்ல, ஒம்போது நாளு. கொழந்த இதோ, இவதான்" என்று மகளின் தலையில் கை வைத்தாராம். அக்கா எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்து, கைகூப்பி மன்னிப்புக் கேட்டாளாம்.

"கேக்கறது தப்பில்லம்மா. பதில் வந்தப்பறமும் நம்பாம நிக்கறதுதான் தப்பு," என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே, தங்கம் பிரித்த கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன.

மாணிக்கத்தின் வீடு லைனின் நடுவில் இருந்தது. தகரக் கூரை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க வாங்க, நோட்டீஸ் ரெடியாம்மா?" என்றார். இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டு, உள்ளே பார்த்து டீ போடச் சொன்னார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. "அந்தப் பெரியவர் யாரும் இல்லைங்க, நானே எழுதினது" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

அவர் கை நின்றது. மடியில் இருந்த பட்டாணித் தோல் கீழே விழுந்தது.

"இன்னாம்மா சொல்றே?"

"அந்த மணி அடிச்சது, கடைசி ஆள் ஏறினது, எல்லாம் நானே..."

"உனக்கு வெளயாட எங்கப்பன்தான் கெடச்சானா?" என்று கத்தினார். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு இளைஞன் வெளியே வந்து, என்ன விஷயம் என்று தெரிந்ததும், "கல்லுக்குச் சொல்லியாச்சி, எம்எல்ஏவக் கூப்ட்டாச்சி, இப்ப வந்து சொல்றியா?" என்று என்னைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் அழுதுகொண்டிருந்தேன். மாணிக்கம் அவனைக் கையமர்த்திவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சரி. நீ எழுதினே. ஆனா அது பொய்யின்னு உனக்கு யாரு சொன்னா? நீ அன்னிக்கி கீழ இருந்தியா? நீ சும்மா எழுதினது நெஜமா நடந்திருந்தா?"

அக்காவைப் பார்த்தேன். அவள் கண் பளிச்சென்று இருந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவரு கேக்கறது சரிதானேம்மா," என்றாள் என்னிடம். பிறகு அவரிடம், "ஐயா, நடந்திருக்கலாம். இல்லன்னு சொல்ல எங்ககிட்டயும் ஒண்ணுமில்ல. நான் ஒண்ணு கேக்கட்டா? மணின்னு உங்க காதுல மொத மொத எப்போ விழுந்துச்சி? இந்தப் பேப்பர் வர்றதுக்கு முன்னாடியா, வந்தப்பறமா?"

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை. முன்னாடி என்று அவர் சொல்லியிருக்கலாம். சொன்னால் எங்களால் மறுக்க முடியாது. லைனே அவர் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

"வந்தப்பறம்தான்," என்றார்.

"அப்போ அதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சது இன்னா?"

"எங்கம்மா சொன்னதுதான். செகண்டு ஷிப்டுக்குப் போனாரு, வரல. அவ்ளோதான் சொல்லும். மேல கேட்டா அழும். நான் கேக்கறத வுட்டுட்டேன்."

"செகண்டு ஷிப்டுன்னு அம்மாவுக்கு எப்டித் தெரியும்?"

"சோறு கட்டிக் குடுத்து அனுப்பினதே அதுதானே!"

"அப்போ அவங்க கண்ணால பார்த்தவங்க," என்றாள் அக்கா. அந்த வார்த்தையை ஒரு பாத்திரத்தை இரண்டு கையாலும் கொடுப்பது போலச் சொன்னாள். "உங்களுக்கு அப்போ இன்னா வயசு?"

"நான் வயித்துல," என்றார் மாணிக்கம்.

அக்கா தன் பையிலிருந்து பென்சிலும் ஒரு பக்கம் அச்சான தாள் ஒன்றும் எடுத்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அம்மா பெயர் கேட்டாள். பட்டம்மாள். வேறு என்ன சொல்வார்கள் என்று கேட்டாள். அவர் முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு, அப்பாவுக்குப் புளிச்சாதம் பிடிக்காது என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாராம். வேலூர்ப் பக்கம் ஒரு ஊரிலிருந்து வந்தவராம், ஊர்ப் பெயர் தெரியாது. அக்கா 'ஊர்ப் பெயர் தெரியவில்லை' என்று எழுதினாள். மற்றவர்கள் விட்டுவிடுகிற 'தெரியவில்லை' என்ற சொல்லை அவள் எப்போதும் முழுதாக எழுதுவாள்.

லைனுக்கு எப்படி அந்தப் பெயர் வந்தது என்றும் கேட்டாள். எட்டிப் பார்த்தவர்களில் மூன்று பேர் மூன்று காரணம் சொன்னார்கள். மூன்றையும், சொன்னவர் பெயரோடு எழுதிக்கொண்டாள். கத்திய இளைஞன் நாலாவதாக ஒன்று சொன்னான். இன்றுவரை அதற்கு விடை கிடையாது.

அதன் பிறகு நான் செய்தவை சின்ன வேலைகள். கல்லூரிக்குக் கடிதம் எழுதினேன். நூலகத்திலிருந்த என் புராஜெக்டின் அந்தப் பக்கத்தில், இது கற்பனை, நேர்காணல் நடக்கவில்லை என்று என் கையெழுத்தோடு ஒரு தாளை ஒட்டச் செய்தேன். எனக்குப் பாடம் எடுத்த மேடம் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். செய்திப் பக்கத்துக்காரர்களுக்கும் எழுதினேன். நல்ல கதை, இருக்கட்டும் என்று பதில் வந்தது. அது இன்னும் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது எனக்கே அனுப்பி வைக்கிறார்கள்.

அக்கா இப்போது அங்கே இல்லை. முதலாளி கடையை மூடியதும் ஒசூரில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அந்த இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள்.

ஆனால் கல் நட்ட அன்று அவள் இருந்தாள். எம்எல்ஏ வரவில்லை. தியாகி இல்லை என்று ஆன பிறகு லைன்காரர்களிலும் பாதிப்பேர்தான் வந்தார்கள். கல் முழங்கால் உயரம். அதில் வெட்டியிருந்தது இவ்வளவுதான்:

முனுசாமி. இரண்டாம் ஷிப்டுக்குப் போனார். திரும்பவில்லை. சொன்னவர் மனைவி பட்டம்மாள். கேட்டவர் மகன் மாணிக்கம்.

மாணிக்கம் மாலை போட்டார். கற்பூரம் காட்டினார். எல்லோரும் கலைந்த பிறகு, "எழுத்தெல்லாம் சரியா இருக்குதாம்மா? நீ ஒரு தடவ பாரு," என்று அக்காவைக் கேட்டார். அவள் மண்ணில் குந்தி உட்கார்ந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக, உதடு அசையப் படித்தாள்.

"சரியா இருக்குதுங்க."

நான் அவரிடம் மறுபடியும் மன்னிப்புக் கேட்டேன்.

"உன் கதையில வந்தவன் நல்லவன்தாம்மா. ரொம்பப் பெரிய மனுஷன். ஆனா அவன் யாரோ," என்றார். குனிந்து, கல்லின் மேல் விழுந்திருந்த கற்பூரச் சாம்பலைக் கையால் துடைத்தார். "இவருதான் எங்கப்பா."